நாக்பூர் சாலையில் ஒரு துண்டுப் போர்வை

தொப்பூர் ஏற்றத்தில் லாரி இரண்டாம் கியருக்கு இறங்கியபோது அக்கா ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டாள். வண்டி குலுங்கி முக்கி மேலேறும்வரை அப்படியே காத்திருந்தாள். ஏற்றம் முடிந்து எஞ்சினின் ஓசை தணிந்ததும் ஊசி மீண்டும் துணிக்குள் இறங்கியது.

அவள் மடியில் கையகலத் துணித்துண்டுகள் கிடந்தன. ஒன்பது துண்டுகளை இணைத்தால் ஒரு கட்டம். அப்படி முப்பது கட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்து, அடியில் பழைய பருத்திப் புடவையை வைத்துத் தைத்தால் ஒரு துண்டுப் போர்வை. முழுப் போர்வையை விரிக்க லாரியின் கேபினில் இடமில்லை. ஆனால் ஒரு கட்டத்துக்கு ஒரு மடி போதும். அதனாலேயே வீட்டில் தைத்ததுபோக மீதிக் கட்டங்களைப் பயணத்துக்கென்று ஒதுக்கி, துண்டுகளை வெட்டி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி எடுத்துவந்திருந்தாள்.

“ஏனுங்கப்பா, குழி வந்தா முன்னாலயே சொல்லுங்க. ஊசி வெரல்ல ஏறுது.”

“ரோடு போட்டவன் என்கிட்டச் சொல்லிட்டா குழி வெச்சான், சாமி?” என்றார் அப்பா, ஸ்டீயரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பயணத்தில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான்.

இத்தொடரில் நான் வென்ற மேடைகளைப் பற்றியே இதுவரை எழுதிவந்திருக்கிறேன். இன்று எழுதப்போவதும் நான் வென்ற மேடையைப் பற்றித்தான். அதற்குப் பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, நடுவர் இல்லை. அங்கே வென்றதை நினைத்து வருந்தாமல் நான் மேடையேறிய நாள் அதன்பின் ஒன்றுகூட இல்லை.

ஜவ்வரிசி ஏறிய வண்டி

எங்கள் ஊர் எடப்பாடி. அப்பா சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறார். மாசி பிறந்து சிவராத்திரி நெருங்கினால் நாக்பூர்ப் பக்கம் ஜவ்வரிசிக்குத் தேவை கூடும். விரத நாளில் அங்கே அதைத்தான் சமைக்கிறார்கள். சேந்தமங்கலத்துக்கு அருகே ஓர் ஆலையில் மூட்டை ஏற்றிய அப்பா, வழக்கமாக உடன்வரும் மாற்று ஓட்டுநரை அம்முறை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் ஏறச் சொன்னார்.

சரக்கு பாதிக் காரணம். மீதிக் காரணம் அக்காவின் கணவர்.

அக்காவின் பெயர் கோகிலா. அவள் கணவர் செந்தில் மச்சான், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். நாக்பூருக்கு அப்பால் ஆரஞ்சுத் தோட்டங்களில் அவருக்கு வேலை. ரிக்கில் போகிறவர்கள் மழைக்காலத்தில் தொழில் நின்றதும் ஊர் திரும்புவது எங்கள் பக்கத்து வழக்கம். மச்சான் ஒரு மழைக்கு வந்துவிட்டு ஆவணியில் புறப்பட்டார். தீபாவளிக்கு வருவதாகச் சொன்னார், வரவில்லை. அடுத்த மழைக்கும் வரவில்லை. நாள்தோறும் வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்பு வாரத்துக்கு ஒன்றாயிற்று. பின்னர் நாங்கள் அழைத்தாலும் மணி மட்டுமே அடித்து ஓய்ந்தது.

அவருக்கு அங்கே வேறொரு குடும்பம் இருக்கிறது என்ற பேச்சு ஊரில் கிளம்பியது. அழைத்து விசாரிக்க அவர் பக்கத்தில் பெரியவர்கள் எவரும் உயிரோடு இல்லை.

“நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தர்லாமுங்கப்பா,” என்றாள் அக்கா. “என்கூட வாழறதா இல்லையான்னு அவரு வாயால தெரிஞ்சுக்கறேன். அது போதும்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீயும் வா. நீ பேசுனீன்னா மாப்ளெ மறுபேச்சுப் பேச மாட்டாரு.”

அக்கா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது நிமிடம்

என் பேச்சுப் பயிற்சியைப் பற்றி இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

பள்ளியில் எனக்குப் பயிற்சியளித்தவர் இரண்டு செய்திகளை ஓயாமல் சொல்வார். கேட்போர் அவை தானாக அடங்கும் நொடியை ஒருபோதும் தவறவிடாதே, அது மறுபடி வாய்க்காது என்பது ஒன்று. மூன்றாவது நிமிடத்தில் கையில் ஒரு பொருளைத் தூக்கு, காது சோர்ந்தவர்களைக் கண்ணால் பிடி என்பது மற்றொன்று.

சேலத்தில் நடந்த ஒரு கல்லூரிப் போட்டியில், ‘வாழ்வை உயர்த்துவது உழைப்பே’ என்ற அணியில் பேசினேன். மூன்றாவது நிமிடத்தில் அப்பாவின் தேய்ந்த செருப்பை மேடையில் உயர்த்திக் காட்டினேன். நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முதற்பரிசு எனக்கு.

நிகழ்ச்சி முடியும்வரை அப்பா பின்வரிசையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு ஜோடிதான். பரிசை வாங்கிய மகிழ்ச்சியில் செருப்பைத் திருப்பிக் கொடுக்க நான் மறந்துவிட்டேன். வெளியே வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் கால் மாற்றிக் கால் வைத்து நின்றபடி, “செருப்பு எங்க சாமி வெச்ச?” என்று மெதுவாகக் கேட்டார். இதை நான் பல மேடைகளில் வேடிக்கையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

லாரியில் என் மடியிலும் ஒரு பொருள் இருந்தது. நாற்பது பக்கக் குறிப்பேடு. மச்சானிடம் பேச வேண்டியதை முன்னுரை, வாதம், மறுப்பு, முடிவுரை என்று வகுத்து எழுதிக்கொண்டிருந்தேன்.

“என்னடி முணுமுணுக்கற?” என்றாள் அக்கா.

“மச்சான்கிட்டப் பேசறதுக்குக்கா.”

“அவரு என்ன எதிரணியா?”

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

நான்குவழிச் சாலை

பெங்களூரைச் சுற்றிக் கடந்தபின் சாலை நேராயிற்று. வெயில் ஏறிய பொட்டல், கல் மலைகள், சுங்கச்சாவடிகள், மறுபடியும் பொட்டல். சாலை சீராக ஓடும்போது அவள் கையும் சீராக ஓடியது. மாற்றுப்பாதை வந்தால் ஊசி உதட்டுக்குப் போகும். முடிந்த கட்டங்களை இருக்கைக்குப் பின்னுள்ள படுக்கைப் பலகையில், ஒன்றன்மேல் ஒன்றாக, உள்ளங்கையால் நீவி அடுக்குவாள். மூட்டைகளிலிருந்து பறந்த ஜவ்வரிசி மாவு அவற்றின்மேல் படியும். வாயால் ஊதித் துடைப்பாள்.

அக்கா இயல்பில் பேசாதவள். எதிரே முகம் பார்த்து எவராவது கேட்டால் அவள் சொற்கள் உள்ளேயே நின்றுவிடும். கை ஊசியில் இருக்கும்போது மட்டும், கண்ணைத் தூக்காமல், தானாகப் பேசத் தொடங்குவாள். அந்த இரண்டு நாட்களில் அவள் என்னிடம் பேசிய அளவு இருபது ஆண்டுகளில் பேசியதில்லை.

அரக்குப் பட்டுத் துண்டு அவள் முகூர்த்தப் புடவையின் உள்மடிப்பிலிருந்து வெட்டியது. நீலக்கட்டம், திருமணமான புதிதில் இருவரும் ஜலகண்டாபுரம் போய் வாங்கிய தறித்துண்டு. சாம்பல் நிறத்தில் கறையோடு இருந்தது மச்சானின் வேலைச் சட்டை. “மூணு தடவ தொவச்சேன். கிரீஸ் போகுல. போகாட்டிப் போச்சாதுன்னு அப்படியே வெட்டிட்டேன்.”

இரவு நிறுத்தத்தில் படுக்கைப் பலகையில் பரப்பி இருபத்தைந்து கட்டங்களைச் சேர்த்துத் தைத்தவள் கடைசி வரிசையின் ஐந்து கட்டங்களை மட்டும் சேர்க்காமல் தனியே மடித்து வைத்தாள்.

“இதையும் சேத்திட்டா முடிஞ்சுதல்லக்கா?”

“அங்க போயித்தான் சேக்கோணும். அவரு பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாப் போதும். தெச்சுட்டே சொல்லிருவேன்.”

“என்னத்தச் சொல்லுவ?”

பதில், கர்நூலுக்கு அருகே ஒரு சாப்பாட்டுக் கடையின் முன் வண்டி நின்றபோதுதான் வந்தது. அப்பா இறங்கி, இரும்புக் கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா டப்பாவின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் துண்டை எடுத்தாள். மெல்லிய பஞ்சுத் துணி. அதன் ஓரத்தில் ஒரு வாத்து பாதியாக வெட்டுப்பட்டிருந்தது.

“அவரு போன பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது. போன்ல சொல்ல மனசு வரல. தீவாளிக்கு வருவாருல்ல, நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்.” ஊசியில் நூலைக் கோத்தாள். “சேலத்துல இந்தத் துணியப் பாத்தேன். பொறக்கறதுக்கு முன்னால எதும் வாங்கக்கூடாதுன்னு தெரியும். ஒரு சின்னச் சட்டை மட்டும்னு வாங்கிட்டேன். தீவாளி கழிஞ்சு ஒரு வாரம். மூணாவது மாசம். தங்கல.”

வெட்டுப்பட்ட வாத்தின்மேல் விரலை ஓட்டினாள்.

“வாங்கியிருக்கக்கூடாது, பாப்பா.”

அப்போது நான் சேலம் விடுதியில் இருந்தேன். அக்காவுக்குக் காய்ச்சல் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் நம்பியிருந்தேன்.

“வேற யாருக்குக்கா தெரியும்?”

“அம்மாவுக்கு. இப்ப உனக்கு. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. உன்ற மச்சான்கிட்ட நாந்தான் சொல்லோணும். வேற ஒண்ணும் எனக்குப் பேச வேண்டாம்.”

நான் தலையசைத்தேன்.

கம்ப்ரெசர் நின்றது

நாக்பூரில் மூட்டைகளை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு, ரிக் முதலாளியிடம் இடம் கேட்டுவைத்திருந்த தோட்டத்தை அடைந்தபோது உச்சிவெயில். ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே ரிக் நின்றது. தரையிலிருந்து கல்மாவு புகையாகப் பீறிட்டது. கம்ப்ரெசரின் இரைச்சலில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. மாவு பூசிய உருவமொன்று எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தது. கண்கள் மட்டும் மச்சானுடையவை.

வேறொரு குடும்பம் அங்கே இல்லை. தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் அவருடையதென்று ஒரு கட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியும் இருந்தன. அக்காவை அந்தக் கட்டிலில் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“வரோணும் வரோணும்னுதான் இருந்தேன், கோகி. ஒரு வாட்டி வராம உட்டுட்டேன். அப்பறம் நாளாக நாளாகப் போன எடுக்கவே பயமாப் போச்சு. எடுத்து என்னன்னு பேசறது?” துண்டால் முகத்தைத் துடைத்தார். “இந்தக் குழி முடியட்டும். சாய்ந்தரம் ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கலாம். இரு, போயிராத.”

“இங்கதானுங்க இருப்பேன்,” என்றாள் அக்கா.

ஒன்றரை ஆண்டில் அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் பார்த்ததில்லை. போர்வையை விரித்து, கடைசி வரிசையின் முதல் கட்டத்தை எடுத்து ஊசியைக் குத்தினாள். மாலைவரை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். இந்த அத்தியாயமே இருந்திருக்காது.

சாப்பாட்டு வேளை வந்தது. கம்ப்ரெசரை நிறுத்தினார்கள்.

அதைப் போன்ற ஓர் அமைதியை நான் எந்த அரங்கிலும் கேட்டதில்லை. இலை அசைவது கேட்டது. பன்னிரண்டு பேர் தட்டோடு அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் பாதி, ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் பாதி. நடுவில் மச்சான். பயிற்சி என் முதுகைத் தட்டியது. நான் எழுந்து நின்றேன்.

“பூமியை அறுநூறு அடி துளைத்து நீர் காண்கின்ற தோழர்களே! ஒரு பெண்ணின் கண்ணீரைக் காண எத்தனை அடி துளைக்க வேண்டும் என்று உங்கள் நண்பரைக் கேட்க வந்திருக்கிறேன்.”

சோற்றில் இருந்த கைகள் நின்றன. சொற்கள் வரிசை பிசகாமல் வந்தன. வாக்குத் தவறுவதைப் பற்றிப் பேசினேன். மணி அடித்து ஓய்ந்த தொலைபேசியைப் பற்றிப் பேசினேன். மச்சான் தலையைக் குனிந்தார். அப்பா லாரியில் சாய்ந்து நின்று, பெருமையும் கலக்கமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒடிசாக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் கவனம் சோற்றுக்குத் திரும்புவதைக் கண்டேன். மூன்றாவது நிமிடம்.

கூடாரத்துக்குள் சென்று, அக்காவின் மடியிலிருந்து போர்வையை இழுத்தேன். ஊசி அதில் தொங்கியது. “ஏய், பாப்பா!” என்றாள். வெளியே வந்து இரு கைகளாலும் விரித்துப் பிடித்தேன். இது தாலி கட்டிய நாளின் பட்டு, இது நீங்கள் கழற்றிப்போட்ட சட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். குரல் படிப்படியாக ஏறியது. ஏறிய குரலுக்கு ஓர் உச்சம் வேண்டியிருந்தது.

மஞ்சள் துண்டு தனியே கூடாரத்து வாசலில் விழுந்திருந்தது. அதை எடுத்து உயர்த்தினேன்.

“இது யாருக்கு வாங்கிய சட்டை என்று தெரியுமா? மூன்றே மாதம் இருந்து, தந்தையின் குரலைக் கேட்காமலே போய்விட்ட உங்கள் குழந்தைக்கு!”

தமிழ் தெரியாதவர்களுக்கும் அது விளங்கிவிட்டது. அந்தச் சின்ன வாத்தைப் பார்த்ததும் ஓர் ஒடிசாக்காரர் தட்டைக் கீழே வைத்தார். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் பழக்கத்தில் இரண்டு முறை கைதட்டிவிட்டு, திடுக்கிட்டு நிறுத்தினார்.

அப்பா கேபின் கதவைப் பிடித்துக்கொண்டார். “என்ன சாமி சொல்ற?” என்றார். என்னைக் கேட்டாரா அக்காவைக் கேட்டாரா தெரியவில்லை.

மச்சான் எழுந்து மரங்களுக்குள் போனார். நெடுநேரம் கழித்துத் திரும்பியபோது முகத்துக் கல்மாவில் கோடுகள் இருந்தன. அத்தனை பேர் நடுவிலும் கைகூப்பினார். “வாரேனுங்க மாமா. இன்னைக்கே உங்ககூட ஊருக்கு வாரேன். என்ற தப்புத்தான்.”

வென்றுவிட்டேன் என்று அந்த நொடியில் நான் நினைத்தது உண்மை.

அக்கா வெளியே வந்தாள். என் கையிலிருந்து மஞ்சள் துண்டை வாங்கினாள். பின் அவரைப் பார்த்தாள்.

“வேண்டாமுங்க.”

“கோகி…”

“இத்தன பேரு பாக்கறாங்கன்னு வாரீங்க.”

“அப்படி இல்ல, கோகி.”

“அப்பறம் எப்படீங்க?”

அவர் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். இரண்டு பேர் மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை பதில் சொல்லியிருப்பார்.

“நான் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். நீங்கதான் கேட்டுட்டீங்களே,” என்று சொல்லிவிட்டு அக்கா லாரியில் ஏறினாள்.

திரும்பும் வழி

அடுத்த நாள் பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்பினோம். அக்கா தைக்கவில்லை. சாலை எவ்வளவோ சீராக இருந்தும் கைகள் மடியில் வெறுமனே கிடந்தன. அப்பா ஒரே ஒருமுறை பேசினார். “நல்லாத்தான் பேசுன, சாமி. நாந்தான் உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கக்கூடாது.” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆதிலாபாத் தாண்டியதும் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். என் நோக்கத்தை முதலில் விளக்கி, பிழையை அடுத்து ஒப்புக்கொண்டு, இறுதியில் அவள் பெருந்தன்மையை வேண்டினேன்.

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். “இதையும் எழுதி வெச்சுத்தான் பேசறயா?”

எழுதித்தான் வைத்திருந்தேன்.

ஆடி மாதம்

மழைக்குத் தொழில் நின்றதும் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். எவரும் அழைக்கவில்லை, தனியாகவே வந்தார். அம்மா தேநீர் வைத்தாள். அப்பா சரக்கோடு வெளியூர் போயிருந்தார். நான் கூடத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“பாப்பா, கடைக்குப் போய் ஒரு நூல்கண்டு வாங்கிட்டு வா,” என்றாள் அக்கா.

“என்ன கலருக்கா?”

“எதாச்சும் ஒண்ணு.”

போனேன். மெதுவாகவே திரும்பினேன். வாசலில் அவருடைய செருப்பு இல்லை. கூடத்தில் தேநீர் ஆறிக்கிடந்தது. அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினீர்கள் என்று அன்று கேட்டேன். மறுவாரம் கேட்டேன். ஓராண்டு கழித்தும் கேட்டேன். “அது எங்க ரெண்டு பேரோட,” என்பதற்குமேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதன்பின் அவர் வரவில்லை. இரு பக்கத்துச் சம்மதத்தோடு முறைப்படி பிரிந்துவிட்டார்கள். அக்கா இப்போது ஜலகண்டாபுரத்தில் ஒரு தையற்கூடத்தில் வேலை பார்க்கிறாள். என்னிடம் பேசுவாள். சாப்பிட்டாயா, பேருந்து கிடைத்ததா என்று கேட்பாள்.

இந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அவளிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். ஒருமுறை செய்த தவற்றை இதழிலும் செய்ய எனக்குத் துணிவில்லை. மதிய இடைவேளை. தையற்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். மஞ்சள் துணி வரும் இடத்தை எடுத்துவிடச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“அது இருந்துட்டுப் போகட்டும். ஊரே கேட்டாச்சு,” என்றாள். “கடைசீல அவரு வந்தன்னிக்கி நான் இன்னதப் பேசுனேன்னு நீயா யோசிச்சு அரைப் பக்கம் எழுதியிருக்கறயே, அத எடுத்துரு.”

“ஏக்கா, தப்பா இருக்குதா?”

“நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் அப்படிப் பேசல. அதுல பேசறது நீ.”

உள்ளே மணி அடித்தது. அவள் எழுந்து, சேலையில் ஒட்டிய நூல்துணுக்குகளைத் தட்டிவிட்டுப் போனாள். நான் அங்கேயே உட்கார்ந்து அந்த அரைப் பக்கத்தை அடித்து நீக்கினேன்.